மாசிலாமணி இட்ட கையொப்பம்

செவ்வாயின் நான்காம் குமிழி நகரில், காலைக் காப்பிக்கு முன்பே வாசலைக் கூட்டிவிடுவார்கள். இரவில் காவல் இயந்திரம் வெட்டிப்போட்ட திருடர்களின் விரல்கள் அங்கே கிடக்கும். மாசிலாமணி வீட்டு வாசலில் நான்கைந்துக்குக் குறையாது. அதில் அவருக்குப் பெருமை.

வீட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு சாவிப்பேழை இருந்தது. தாத்தா சேர்த்த மின்காசுகளின் ரகசியச் சாவி அதற்குள். அந்தக் காலத்துப் பூட்டு குவாண்டம் கணினிகளின் முன் நிற்காது. ஆனால் பேழை ஒருமுறைகூடக் கையொப்பம் இடாதவரை, பூட்டு எவர் கண்ணிலும் படாது. காணாத பூட்டை எந்தக் கணினியாலும் திறக்க முடியாது. ஒரே ஒரு காசை நகர்த்தக் கையொப்பமிட்டாலும், எல்லோரும் பார்க்கும் பொதுப்பேரேட்டில் பூட்டு வெளிப்பட்டுவிடும். சுற்றுப்பாதையில் காத்திருக்கும் கணினிகள் மூன்றே நிமிடத்தில் சாவியைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் வழித்துவிடும். புதிய பூட்டுக்கு மாற்றுவதற்கோ பத்து நிமிடம் ஆகும். ஆகவே மூன்று தலைமுறையாக யாரும் அதிலிருந்து செலவழித்ததில்லை. பேழை இருக்கும் வீட்டுக்கே ஊரில் முதல் தாம்பூலம். அதற்காகத்தான் அத்தனை பேரும் அதைத் திருட வந்தார்கள்.

அன்று பட்டப்பகலில் கோட்டைச்சாமி பத்து ஆட்களோடு சுவரைப் பிளந்து நுழைந்தான். காவல் இயந்திரத்தை முதலில் எரித்தார்கள். மாசிலாமணியின் தம்பி குமணன் பேழையை நெஞ்சுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டான். முதுகில் எட்டு வெட்டு விழுந்தும் புரளவில்லை. எழுபது வயது மாசிலாமணி இரும்புக் கம்பியால் மூன்று மண்டைகளைப் பிளந்தார். மற்றவர்கள் ஓடினார்கள். கால் முறிந்த கோட்டைச்சாமி மட்டும் வாசலில் கிடந்தான். தெருவே கூடிவிட்டது.

மாசிலாமணியின் மகள் தமயந்தி, சித்தப்பாவின் உடலைப் புரட்டிப் பேழையை எடுத்தாள்.

கோட்டைச்சாமி ரத்தம் துப்பிச் சிரித்தான். “அண்ணாச்சி, இத்தன வருசமா ஒரு காசுகூட ஏன் எடுக்கலன்னு இப்பல்லா விளங்குது! பேரேட்டுல காசு கிடக்கு, சரி. அதுக்குச் சாவி உம்மகிட்ட இருக்குன்னு எவன் கண்டான்? வெறும் பெட்டிக்குத் தம்பியப் பலி குடுத்திட்டீரே, வே!”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அதைக் குடு தாயி,” என்றார் மாசிலாமணி.

“வேண்டாம்ப்பா! அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான். சித்தப்பா உசுரவிட்டது இதுக்குத்தானே?”

“வெறும் பெட்டிக்குச் செத்தான்னு எவனும் சொல்லப்பிடாது.”

பேழையை அவளிடமிருந்து பறித்து, ரத்தக் கையாலேயே அழுத்தினார். “ஒரு காசு உன் பேருக்கு அனுப்புதேன்ல. காலுக்குக் கட்டுப் போட்டுக்க.”

தெருமுனைப் பொதுத்திரையில் எழுத்து மின்னியது: கையொப்பம் மெய்யானது. கூட்டம் ஆரவாரித்தது.

மூன்றாம் நிமிடம் இருப்பு பூஜ்யமானது. கோட்டைச்சாமிக்கு அனுப்பிய காசுகூடப் போய்ச் சேரவில்லை.

“எல்லாம் போச்சேப்பா!” என்று தமயந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாசிலாமணி அவளைப் பார்க்கவில்லை. மீசையில் தெறித்திருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து தெருவைப் பார்த்தார்.

“எல்லாரும் பாத்தாச்சுல்லா? இருந்துச்சு.”