சைக்கிள் இல்லாத நேரம்

“அத்தை, டயருக்குள்ள அடைச்சு வச்ச காத்துக்கு மூச்சு முட்டாதா?”

அண்ணன் மகள் ஒருமுறை இப்படிக் கேட்டாள். பம்ப் அடித்துக்கொண்டிருந்த அத்தைக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் கேட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள்... மாட்டிக்கொண்டு முழிப்பது பெரியவர்கள்தான்.

அந்த அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் இரவு வேலை, சைக்கிளில்தான் போய்வருவாள். ஓய்வு நாள் வந்தால் போதும், மலைப்பாதைக்கென்றே வாங்கிய அந்தத் தடித்த டயர் சைக்கிளில் மேட்டு வீடுகளுக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே இறங்கி வர முடியாத சில வயதானவர்கள் இருந்தார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு, மாத்திரை சாப்பிட்டார்களா என்று அதட்டிவிட்டு வருவாள். யாரும் அனுப்பவில்லை, யாரும் கேட்கவில்லை. ‘கடவுள் காலைக் கொடுத்திருக்கிறார், மிதிக்க ஒரு சைக்கிளும் கொடுத்திருக்கிறார், அப்புறம் என்ன’ என்பதுதான் அவள் கணக்கு.

பாதை முழுக்க முள். அதனால் அவள் சக்கரத்தில் டியூப் கிடையாது. டயரே ரிம்மைக் காற்றுப் போகாமல் கவ்விக்கொள்ளும். உள்ளே சீலன்ட் என்ற வெள்ளைப் பால் சுற்றிக்கொண்டிருக்கும். முள் குத்தினால் அந்தப் பாலே ஓடிவந்து ஓட்டையை அடைத்துவிடும். ஆனால் அந்தப் பால் நாளாக ஆக உள்ளேயே காய்ந்துவிடும். அவ்வப்போது டயரைக் கழற்றி, காய்ந்த ஆடையை உரித்தெடுத்து, புதிதாக ஊற்ற வேண்டும். அந்த வேலையை அவள் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. தன் சக்கரத்தைத் தானே கவனிக்கத் தெரியும் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஓர் ஓய்வு நாள் காலையில் சைக்கிளை மொட்டைமாடிக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பழைய ஆடையை உரித்தாள். ரிம்மில் புதிய டேப் ஒட்டினாள். டயரின் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, பாலை ஊற்றி, பம்பை எடுத்தாள். அடித்தாள்... அடித்தாள்... தோள் கழன்றுவிடும் போல வலித்ததுதான் மிச்சம். ரிம்மின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்த டயர் மறுபக்கம் உட்காராமல் அடம்பிடித்தது.

ஒரே மூச்சில் வேகமாகக் காற்று அடித்தால் உட்கார்ந்துவிடும். அதற்குக் கம்ப்ரஸர் வேண்டும். கம்ப்ரஸர் கீழேயே இருந்தது, முற்றத்து ஓரத்து ஷெட்டில், மரப் பாலிஷ் போடுகிறவனிடம். இதோ இப்போதுகூடத் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவனிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

ஷெட் அவள் அப்பாவுடையது. அவன் வாடகைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. இரவு முழுக்கக் கண்விழித்து வந்து படுத்தால் அந்தச் சத்தம் தலையில் ஆணி அடித்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மகள் தூக்கம் கெடுகிறதென்றால் அப்பா சும்மா இருப்பாரா? மாதக் கடைசிக்குள் காலி செய்துகொள் என்று அவனிடம் சொல்லிவிட்டார். அவன் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்ததில்லை. முதுகைத்தான் தெரியும்.

‘கேட்க வேண்டாம். என் கையாலேயே முடிப்பேன்.’

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அடித்தாள். டயர் தாங்குகிற அளவைத் தாண்டியது... படார்!

டயர் ரிம்மை விட்டுத் துள்ள, உள்ளே இருந்த பாலில் பாதி கைப்பிடிச் சுவரைத் தாண்டி முற்றத்தில் தெறித்தது. எட்டிப் பார்த்தாள். கீழே, அப்போதுதான் பாலிஷ் அடித்துக் காற்றாட நிறுத்தியிருந்த அலமாரிக் கதவுகள். பளபளத்த பழுப்பு மரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள். நடுவில் அவன்... தலையிலும் தோளிலும் வெள்ளை. மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தான். கண்ணிமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த கண்களில் கோபத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. திகைப்புத்தான் இருந்தது... இத்தனை அமைதியான கண்களையா இவ்வளவு நாளும் சபித்துக்கொண்டிருந்தோம்?

சீலன்ட் எங்கே சிந்தினாலும் ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும். அவள் கைக்குத் தெரிந்த பாடம் அது. கையில் சக்கரம் இருப்பதைக்கூட மறந்து, ஈரத்துணியோடு படி இறங்கி ஓடி வந்து கதவை அழுத்தித் துடைத்தாள்.

“ஐயையோ, துடைக்காதீங்க... அது இன்னும் காயல.”

அதற்குள் துணி பாலிஷோடு ஒட்டிக்கொண்டு, தோலை உரித்த மாதிரி கதவை உரித்துவிட்டிருந்தது. பொட்டாவது பரவாயில்லை, இப்போது பட்டை.

அந்நேரம் பார்த்து முதல் தூறல் விழுந்தது. ஈரம் பட்டால் பாலிஷ் வெளுத்துப்போகும் என்று சொல்லிக்கொண்டே அவன் ஒரு முனையைப் பிடித்தான். அவள் மறுமுனையைப் பிடித்தாள். ஒவ்வொரு கதவாக ஷெட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மழை கொட்டத் தொடங்கியது. தகரக் கூரையில் மழை... வார்னிஷ் வாசம்... ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்க இருவரும் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

“காத்து வேணுமா?” என்றான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “வேணும்” என்று வந்தது.

குழாயை அப்படியே வால்வில் வைக்கப் போனவனைத் தடுத்தாள். வால்வுக்குள் இருக்கும் சின்னத் திருகைக் கழற்றினால்தான் காற்று தடையில்லாமல் பாயும் என்று கழற்றிக் காட்டினாள். கேட்டுக்கொண்டான். விசையை அழுத்தினான். புஸ்... டப்... டப். இரண்டு பக்கமும் அழகாக உட்கார்ந்தது.

“இவ்வளவுதானா? இதுக்கா மேல அந்த வெடி வெடிச்சீங்க?” என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“எங்க வார்டுல சிரிச்சா ஊசி போடுவேன்.”

“போடுங்க சிஸ்டர், ஏற்கெனவே வெள்ளை அடிச்சாச்சு.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குடை ஒன்று ஷெட்டு வாசலில் வந்து நின்றது. அலமாரிக்குச் சொல்லியிருந்த டீச்சரம்மா. கதவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. புது வீட்டுக்கு விருந்தாளிகள் வரப்போகிற நேரத்தில் இப்படிச் செய்தால் எப்படி, தெரிந்தவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னேனே என்று பொரிந்து தள்ளினார்.

“என் கவனக்குறைவும்மா. மறுபடி தேச்சுப் போட்டுக் கொடுத்துடறேன்” என்றான் அவன். அவளிருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை.

கதவு மறைவில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற நர்ஸ் வாயைத் திறக்கவில்லை. ‘நான்தான்’ என்ற ஒரு சொல்... தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. டீச்சரம்மா போய்விட்டார். அவளும் படியேறிவிட்டாள்.

மழை விட்டதும் மலைக்குப் போனாள். பாதி வழியில் முள் ஏறியது. உஸ்ஸென்று வெள்ளை நுரை தள்ளி, சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஓட்டை அடைந்துவிட்டது. எப்போதும் இதைப் பார்த்தால் துள்ளுவாள். இன்று துள்ளவில்லை. இந்தக் காற்றை ஏற்றியவனுக்காக ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டோமே...

வீடு திரும்பியதும் அப்பாவின் முன் போய் நின்றாள். அவனைக் காலி செய்யச் சொல்ல வேண்டாம் என்றாள். நீதானேம்மா தூக்கம் வரலன்னு சொன்ன என்றார் அப்பா. ஆமாம், தவறு என்றாள். சத்தம் எப்போது வரலாம், எப்போது கூடாது என்று நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் ஒரு மனிதனின் பிழைப்பில் கை வைத்துவிட்டேன் என்றாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகளைப் பார்த்தார்.

“எங்கிட்டச் சொல்லிட்ட. சரி. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லு.”

அதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. டீச்சரம்மா மறுபடி வந்தபோது கதவுகள் கண்ணாடியாய் மின்னின. ஆனாலும் அவர் மனம் ஆறவில்லை. இனி வேலை கொடுக்க யோசிக்க வேண்டியிருக்கும் என்று ஆரம்பித்தார். நர்ஸ் படியிறங்கி வந்து நேராக நின்றாள்.

“டீச்சரம்மா, அன்னைக்கு உங்க கதவைக் கெடுத்தது நான். மேல என் டயர் வெடிச்சுது. துடைக்கிறேன்னு உரிச்சதும் நான்தான். இவர் மேல ஒரு தப்பும் இல்ல.”

டீச்சரம்மா அவளையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். பல வருஷம் பிள்ளைகளைப் பார்த்த கண்... யார் எதை மறைக்கிறார்கள் என்று படிக்கத் தெரியாதா? நாளைக் காலையில் கதவுகளைக் கொண்டுவந்து மாட்டிவிடச் சொன்னார். அடுத்து மேஜை நாற்காலியும் இருக்கிறது என்றார். போகும்போது அவள் கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

முற்றத்தில் இருவர் மட்டும்.

“எதுக்குச் சொன்னீங்க? அது முடிஞ்சு போன விஷயம்” என்றான்.

“இன்னொண்ணும் இருக்கு. உங்களைக் காலி பண்ணச் சொன்னதுக்குக் காரணமும் நான்தான்.”

“தெரியும்.”

“தெரியுமா... அப்புறமும் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கல?”

அவன் மாடிப்படிக்குக் கீழே சாத்தியிருந்த சைக்கிளைக் காட்டினான். உங்க அப்பா சொன்ன நாளிலிருந்து சைக்கிள் இங்கே நின்றால் நீங்கள் தூங்குகிறீர்கள் என்று கணக்கு, சைக்கிள் இல்லாத நேரத்தில்தான் கம்ப்ரஸரைப் போடுவேன் என்றான். அன்றைக்கு சைக்கிள் மாடிக்குப் போனது தெரியாது, மலைக்குப் போய்விட்டீர்கள் என்று நினைத்து ஓட்டிவிட்டேன், மன்னிக்கணும் என்றான்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. சில நாட்களாகத் தூக்கம் நன்றாக வந்ததே... சத்தம் பழகிவிட்டது என்றல்லவா நினைத்தாள். போகச் சொன்ன வீட்டில், போகச் சொன்னவள் தூங்கட்டும் என்று ஒருவன் தன் வேலையை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை, இவன் பார்த்தால் பார்க்கட்டும்.

“அப்பாகிட்டப் பேசிட்டேன். நீங்க போக வேண்டாம்.”

“ஷெட்டுக்காகச் சொல்றீங்களா?”

“இல்ல” என்றாள். இந்த முறை சொல் தொண்டையில் நிற்கவில்லை. “எனக்காகச் சொல்றேன். நீங்க இங்க இருக்கணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் கையிலிருந்த உப்புத்தாள் நழுவி விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தான். அப்புறம் மெல்லச் சொன்னான்.

“நான் சைக்கிளைப் பார்க்க ஆரம்பிச்சது தூக்கத்துக்காகத்தான்... அப்புறம் அது எப்ப திரும்பி வரும்னு பார்க்க ஆரம்பிச்சிட்டேன்.”

மறுநாள் விடிகாலையில் இரவு வேலை முடிந்து அவள் வந்தபோது முற்றத்தில் அவனுடைய மூன்று சக்கரச் சுமைவண்டி நின்றது. கதவுகளை ஏற்றி, கயிறு கட்டி, தயாராக வைத்துவிட்டு அவன் ஷெட்டுக்குள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். வண்டியைச் சும்மா தள்ளிப் பார்த்தாள். முன் சக்கரம் கோணிக்கொண்டு ஓடி, ஒரு சுற்றுக்கு ஒருமுறை பிரேக்கில் உரசியது. இவ்வளவு சுமையோடு இதை இவன் எப்படித்தான் மிதிக்கிறான்...

வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. வண்டியின் முன்பக்கத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்தாள். ஒரு குச்சியை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எங்கே குச்சியில் உரசுகிறதோ அங்கே எதிர்ப்பக்கக் கம்பியை அரைத் திருகு இறுக்கினாள். கம்பியின் திருகை இறுக்கும் திசை டயர்ப் பக்கமிருந்து பார்த்தால் ஒன்று, அச்சுப் பக்கமிருந்து பார்த்தால் அதற்கு நேர்மாறு. கற்றுக்கொண்ட புதிதில் இறுக்குவதாக நினைத்துத் தளர்த்திய சக்கரங்கள் உண்டு. இன்று கை தவறவில்லை. விரலால் கம்பிகளைச் சுண்டிக் கேட்டாள். எல்லாம் ஒரே குரலில் பேசின. காற்றைச் சரிபார்த்தாள். முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு சத்தமில்லாமல் மாடியேறினாள்.

வெயில் ஏறியதும் அவன் வந்து வண்டியை மிதித்துக்கொண்டு போனான். உரசல் இல்லாமல், கோணல் இல்லாமல், தெருமுனை வரை வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்றைக்குக் காற்று பின்னாலிருந்து அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டான் போலும்... ஒருமுறைகூடக் குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை.

மாடியறையில் அவள் அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.