கலையாத பவுடர்

கதவு திறந்திருக்கிறது. நான் சாத்திவிட்டுப் படுத்த கதவு. ஃபேனை நிறுத்தியிருக்கிறேன், மூச்சைக்கூட மெல்லத்தான் விடுகிறேன். என் கட்டிலிலிருந்து அண்ணன் அறை வாசல் வரைக்கும் நான் தூவிய முகப்பவுடர், செல்போன் வெளிச்சத்தில் நடைவழி முழுக்க வெள்ளையாக, தூவியபடியே கிடக்கிறது. ஒரு காலடித் தடம் இல்லை. ஆனால் அவன் அறைக் கதவும் திறந்திருக்கிறது. அவன் கட்டில் காலி.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

பதினோரு நாளைக்கு முன்பு வரை டைவிங் வகுப்பில் அண்ணனுக்குப் பட்டப்பெயர் மிக்ஸி. தண்ணீருக்கு அடியில் அவன் போன வழியெல்லாம் கலங்கிவிடும். சைக்கிள் மிதிப்பது போல உதைப்பான். காலில் மாட்டிய ரப்பர் துடுப்பு தரையை அறைந்து சேற்றைக் கிளப்பும். கோச் அவனைப் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, உள்ளங்கால் மேலே பார்க்கும்படி பிடித்துக் காட்டுவார்.

"தவளையைப் பாத்ததே இல்லையாடா நீ? ஒரு உதை, அப்புறம் சும்மா இரு. அதுவா வழுக்கிட்டுப் போகும். நீ என்னடான்னா தண்ணியைத் துவைக்கிற."

"தவளைக்கு யாரு சார் கோச்?" என்பான் அண்ணன், படுத்தபடியே.

திரும்புவது இன்னும் கஷ்டம். மிதந்த இடத்திலேயே, தோள் அசையாமல், கணுக்காலை மட்டும் சுழற்றி, கடிகார முள் மாதிரி உடம்பு முழுக்கச் சுற்ற வேண்டும். எனக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது. அண்ணன் வீட்டில் கட்டில் மேல் படுத்துப் பழகி, மேசை விளக்கை உதைத்து உடைத்ததுதான் மிச்சம்.

கடைசிப் பரீட்சை, கல்குவாரிக் குளத்தின் அடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய பம்ப் ரூமில். உள்ளே போய், கோடிச் சுவருக்கு முன்னால் திரும்பி, தரையில் படிந்த வண்டல் கலையாமல் வெளியே வர வேண்டும். ஒரே வாசல். கோச் அங்கே விளக்கோடு இருப்பார்.

"கலங்கிட்டா பதறாதீங்க. ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கோங்க. ரெண்டு தடவை அழுத்தினா, நான் இங்கதான் இருக்கேன்னு அர்த்தம். பம்புல பழைய ஒயர் தொங்கும், கால்ல மாட்டினா உதறிடுங்க."

"இன்னைக்குக் கலக்க மாட்டேன் குட்டி. பந்தயமா?" என்றான் அண்ணன்.

கலக்கினான். நான் திரும்பி முடிப்பதற்குள் கீழேயிருந்து பழுப்பாக ஒரு புகை எழுந்து, முதலில் அவன் கால்களை, பிறகு அவனை, பிறகு என் கையிலிருந்த விளக்கையே விழுங்கிவிட்டது. என் மூச்சுச் சத்தம் தவிர எதுவும் இல்லை. அப்போது வலது கையை ஒரு கை பிடித்தது. நிதானமான கை. பரவாயில்லை, பதறாமல் இருக்கிறானே என்று நினைத்தேன். அதே நேரத்தில் இடது கணுக்காலில் ஏதோ மாட்டியது. ஒயர். உதறினேன். விடவில்லை. இன்னும் இறுகியது. ஓங்கி உதைத்தேன். விட்டது.

வாசலில் கோச் விரலால் எண்ணினார். ஒன்று. இரண்டு.

கரையில் காற்று சிலிண்டர்களின் மீட்டர் முள்ளைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் இன்னும் நாப்பது நிமிஷத்துக்குக் காத்து இருக்கு. இதுக்கா இவ்வளவு அவசரம்?" என்றார். பிறகு அண்ணன் முதுகில் தட்டினார். "போகும்போது கலக்கினியே ஒழிய, வரும்போது ஒரு தூசி எழும்பலடா. அதைத்தான் ரெண்டு மாசமா கத்திட்டிருந்தேன்."

அண்ணன் தலையாட்டினான். ஒன்றுமே சொல்லவில்லை. அவனுக்கு ஒன்றும் சொல்லாமல் இருக்கவே வராது.

அன்றிலிருந்து வீட்டில் சத்தம் இல்லை. தினமும் அவன் காலில் இடிபடுகிற செருப்பு ஸ்டாண்ட் இடிபடுவதில்லை. டம்ளர் உருள்வதில்லை. சமையலறை வாசலில் நிற்பவன், யாராவது கூப்பிட்டால், தோள் அசையாமல் மெதுவாகத் திரும்புகிறான். அவன் தாண்டிப் போனால் ஈர சிமெண்டும் துருவும் கலந்த வாடை. முந்தாநாள் சாப்பிடும்போது மேசைக்கு அடியில் அவன் கையைப் பிடித்து இரண்டு தடவை அழுத்தினேன். கை ஜில்லென்று இருந்தது. என்னைப் பார்த்தான். "என்ன?" என்றான். அவனுக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "புள்ளைக்கு இப்பத்தான் நிதானம் வந்திருக்கு. அது உனக்குப் பொறுக்கலையாடி?"

கோச்சுக்கு போன் செய்தேன். "ரெண்டு பேர் போனீங்க, ரெண்டு பேர் வந்தீங்கம்மா. நான்தானே எண்ணினேன்" என்றார்.

அதனால்தான் பவுடர். வண்டல் மாதிரியே மெல்லிசாக, சல்லடையில் சலித்துத் தூவினேன். அண்ணன் நடந்தால் கலையும். கலைய வேண்டும். கலைந்தால் போதும், காலையில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு நானே துடைத்துவிடுவேன்.

கலையவில்லை.

இப்போது அந்த வாடை அடிக்கிறது. ஈர சிமெண்ட். துரு. பக்கத்தில்.

இவ்வளவு நேரமும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தை மேலே தூக்கினேன்.

சீலிங்குக்கு ஒரு முழம் கீழே அண்ணன். குப்புற. காற்றின் மேல் படுத்த மாதிரி. முழங்கால் மடங்கி, உள்ளங்கால் மேலே பார்க்க. முகம் சுவர்ப் பக்கம். ஒரு கணுக்கால் மட்டும் சுழல்கிறது. கொஞ்சம். நிறுத்தம். இன்னும் கொஞ்சம். கடிகார முள் மாதிரி உடம்பு முழுக்க என் பக்கம் திரும்புகிறது. கீழே பவுடர் அசையவில்லை. வலது கை நீள்கிறது.

என் இடது கணுக்காலில் இன்னும் ஐந்து விரல் தடம் மங்கலாக இருக்கிறது. அன்று அங்கே இறுகியது ஒரு தடவை இல்லை. இரண்டு தடவை.

நாற்பது நிமிஷக் காற்று. நான் உதைத்துவிட்டு வந்த பிறகு, அந்த இருட்டில், அவன் இன்னும் எத்தனை தடவை அழுத்தியிருப்பான்?