ஊசி குத்தாத உதடு

கல்யாணக் கூடாரத்தின் நடுவில் பாடகர் இஸ்ஃபெந்தியார் செத்துக் கிடந்தார். அவர் பக்கத்தில் இரண்டு ஸாஸ் வாத்தியங்கள். ஒன்று அவருடையது. மற்றது சற்று முன் பாட்டுப் போட்டியில் ஜெயித்து வாங்கியது.

பிற்பகல் மூன்று மணி. தொவுஸ் மலையடிவாரம். இன்ஸ்பெக்டர் மெலாஹெத் உள்ளே நுழைந்தபோது, தோற்ற பாடகர் நுஸ்ரத்தை மேலூர்க்காரர்கள் கூடாரக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். அவருடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வெளியே அவரை மீட்க வந்த கீழூர்க்காரர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"அவுத்து விடுங்க."

"கொலகாரனையா?" என்று சீறினார் மாப்பிள்ளையின் தகப்பன் பெஹ்பூத். "ஷெகியிலேர்ந்து வந்தவ எங்களுக்கு நியாயம் சொல்றியா? மிட்டாய் விக்கிற ஊரு!"

"எங்க ஊர்ல முலாம்பழத்தக்கூட மோந்து பாத்துத்தான் வாங்குவோம். நீங்க கொலைப்பழிய மோந்து பாக்காமலே வாங்கிட்டீங்க. அவுத்து விடுங்கய்யா."

மெலாஹெத்தின் அப்பா ஷெகி சந்தையில் அல்வாக் கடை வைத்திருந்தவர். விலை பேசுகிறவனின் வாயைக் கேட்காதே, கையைப் பார் என்று கேட்டே வளர்ந்தவள் அவள். மேலூருக்கும் கீழூருக்கும் தண்ணீர்த் தகராறு மூன்று தலைமுறையாக உண்டு. ஒரு தவறான கைது போதும், இன்றைக்கே இன்னொரு பிணம் விழும். விழுகிற முதல் ஆள் நுஸ்ரத்.

நடந்தது இதுதான். இரண்டு பாடகர்களும் உதடுகளுக்கு நடுவே ஊசியை நிறுத்திக்கொண்டு, உதடு ஒட்டாத பாட்டை அந்தக் கணத்திலேயே கட்டிப் பாட வேண்டும். பானா, மானா எதுவும் வாயில் வரக்கூடாது. 'மெஹெப்பெத்' என்று காதலைப் பேர் சொல்லி அழைத்தால் ஊசி ஏறிவிடும். குத்துப்பட்டவன் தோற்றான், அவன் வாத்தியம் ஜெயித்தவனுக்கு. நுஸ்ரத்துக்குக் குத்தியது. இஸ்ஃபெந்தியார் ஜெயித்தார், தேநீர் கேட்டார், வாய் மரத்துப்போகிறது என்றார், தேநீர் வருவதற்குள் சரிந்தார்.

"நாவிக் கிழங்கு விஷம்," என்றார் பிணத்தைச் சோதித்த டாக்டர். "மலையெல்லாம் கெடக்கு. வாய் மரத்துப் போகும், அப்புறம் நெஞ்சு நின்னுடும்."

"வாயில பட்டது இந்த ஊசிதாங்க!" செத்தவருக்குப் பாலபான் குழல் ஊதும் தெய்யூப் முன்னால் வந்து ஒரு ஊசியை நீட்டினான். "நான்தான் அண்ணன்கிட்டேர்ந்து வாங்கி வச்சேன். நுனியப் பாருங்க, ரத்தம். ரெண்டு ஊசியும் நுஸ்ரத் கொண்டாந்தது. விஷத்துல தோச்சிருக்கான் பாவி!"

கூட்டம் உறுமியது. மெலாஹெத் ஊசியை விட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். கோடையில் வெடித்த குளம்போல் உதடுகள். ஒரு பிளவில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எப்பலேர்ந்து ஊதுற?"

"காலையிலேர்ந்து."

அவள் குனிந்து செத்தவரின் உதடுகளைப் பார்த்தாள். மினுமினுத்தன. "பிலாவு சாப்பிட்டாரா?"

"பாட்டுக்கு முன்னாடி பச்சத்தண்ணி தொட மாட்டாரு," என்றார் பெஹ்பூத். "சோறே இன்னும் பரிமாறல."

கட்டு அவிழ்ந்து நின்ற நுஸ்ரத்திடம் அவள் போனாள். அவருடைய கீழுதட்டில் ஒரு செம்புள்ளி.

"அந்த ஊசிய அவருக்கு நீதான் கொடுத்தியா?"

"ரெண்டையும் நீட்டினேன். அவன்தான் ஒண்ண எடுத்தான்."

"தோத்தப்புறம்?"

"முறைப்படி வெள்ளத் துணியால அவன் வாயத் தொடச்சேன். துணியத் தூக்கிக் காட்டினேன். இதோ நிக்கிறானுங்களே, இவனுங்கதான் கை தட்டினானுங்க. அப்புறம் எங்கப்பன் வாசிச்ச ஸாஸக் குடுத்தேன்."

"துணியில ரத்தம்?"

"பொட்டு இருந்தாக்கூட குடுத்திருப்பேனா?" நுஸ்ரத் காறித் துப்பினார். "அந்தத் திமிர் பிடிச்சவனுக்கா?"

மெலாஹெத் சிரித்தாள். "கேட்டீங்களா பெஹ்பூத்? சரக்குல ஒரு கீறல் இருந்தாலே வெலையக் கொறைப்பான் வியாபாரி. இந்தாளு அப்பனோட வாத்தியத்த முழு வெலையாக் குடுத்திருக்கான். துணி சுத்தம். அப்போ ஊசி குத்தல. குத்தாத ஊசியில ரத்தம் எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் குழல்காரன் பக்கம் திரும்பினாள்.

"தெய்யூப், குழல் ஊதுறவன் உதட்டுக்குன்னு கொழுப்பு டப்பா வச்சிருப்பான். உன்னுது எங்க?"

அவன் கை தன்னையறியாமல் சட்டைப்பையை மூடியது. அவள் எடுத்துத் திறந்தாள். ஆட்டுவால் கொழுப்பு, அதில் ஒரு விரல் வழித்த தடம்.

"டப்பா புதுசு. வாய் தொறந்தே பாடினவருக்கு உதடு காஞ்சிருக்கும், துணியால தொடச்சப்புறம் நீ பூசி விட்டிருக்க. பிணத்தோட வாய் மினுங்குது. காலையிலேர்ந்து ஊதின உன் வாய் வெடிச்சு ரத்தம் வந்திருக்கு, ஆனா சொந்த டப்பாவ நீ தொடல. ஊசியில இருக்கிறது உன் ரத்தம்." டப்பாவை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நான் பொய் சொன்னா ஒரு விரல் பூசிக்கோ. இப்பவே மன்னிப்புக் கேக்கிறேன்."

தெய்யூப் பின்வாங்கினான். பின்னால் மேலூர்க்காரர்கள். அவர்களும் ஒரு அடி விலகினார்கள்.

"பாடட்டுமான்னு கேட்டப்பல்லாம் என்ன சொன்னான் தெரியுமா?" என்று கத்தினான். "ஒன் வாய் ஊதத்தாண்டா, பாட இல்லன்னு. சபையில! இருபது வருஷமா! அவன் மண்ணுக்குள்ள போனா, இவன் ஜெயிலுக்குப் போனா, இந்தப் பக்கத்துல பாட வேற யாரு இருக்கா?"

விலங்கு பூட்டப்பட்டது. பெஹ்பூத் முகத்தைத் திருப்பிக்கொண்டே, நுஸ்ரத்தின் ஸாஸை எடுத்து அவரிடம் நீட்டினார். மன்னிப்பு என்ற சொல்லுக்கு மட்டும் அவர் வாய் ஒட்டவில்லை.

"வேணாம்," என்றார் நுஸ்ரத், வீங்கிய கண்ணைத் தடவியபடி. "செத்தாலும் அவன் ஜெயிச்சவன். அவன் வீட்டுல குடு. உங்க ஊரு கை பட்டத நான் தொட மாட்டேன்."

வெளியே கீழூர்க்காரர்கள் மண்வெட்டிகளை இறக்கினார்கள். தோளுக்குத்தான், தரைக்கு அல்ல.