மேல் அறையில் நடக்கிற கால்

மேலே நடக்கிற கால் தன் மகனுடையது இல்லை என்று கணேசபாண்டியனுக்கு முதல் நான்கு எட்டிலேயே தெரிந்துவிட்டது.

சேர்மராஜ் நடந்தால் சத்தமே வராது. ஆம்பளை நடக்கிற நடையா இது என்று இவரே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். இப்போது தலைக்கு மேல் பலகையில் கேட்பது வேறு. ஒரு மிதி, ஒரு இழுப்பு. ஒரு மிதி, ஒரு இழுப்பு. வாஷி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சரிந்து இடது முட்டி போனதிலிருந்து இந்தச் சந்தில் அப்படி நடக்கிற ஆள் இவர் ஒருவர்தான். இவரோ கீழ் அறையில், கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று கதவைப் பார்த்தார். தாழ் போட்டபடியே இருந்தது. மேலே இருப்பது மகனும் மருமகளும் மட்டும்.

ஞாயிறு மத்தியானம். மழையில் கரண்ட் போய், தகரத்தில் அறையும் தண்ணீரும் சாக்கடை எதிர்த்து ஏறும் நாற்றமும் பக்கத்து வீட்டில் கருவாடு சுடும் புகையும் சேர்ந்து அறை புழுங்கிக்கொண்டிருக்க, அந்த இருட்டில் மேலே போகும் இரும்பு ஏணி மட்டும் ஈரமாக மினுங்கியது.

காலையில் நடந்ததை நினைக்க இவருக்குப் பிடிக்கவில்லை. மருமகள் மானசாவுக்கு ஏழாம் மாசம். அதனால் குழாயடியில் பொம்பளைகள் வரிசையில் சேர்மராஜ் குடத்தோடு நின்றான். நின்றதோடு விட்டானா, பெண்டாட்டி சேலையையும் அங்கேயே அலசினான்.

"என்ன அண்ணாச்சி, மாசமா இருக்கது மருமவளா, மவனா?" என்றாள் எதிர்வீட்டு பிரேமலதா. குழாயடியே சிரித்தது.

இவர் போய்க் குடத்தை எட்டி உதைத்தார். "ஏல, கை எதுக்குல இருக்கு ஒனக்கு? ஒங்கம்மைய நான் எப்படி வச்சிருந்தேன்? பாத்துத்தான வளந்த?"

சேர்மராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பது வயது. அதற்கும் ஓர் அறை விட்டார், எல்லோர் முன்னாலும். "அழாதல."

பார்த்துத்தான் வளர்ந்தான். அதே மேல் அறைதான். சத்தம் சந்துக்குக் கேட்கக் கூடாதென்று இவர் பெண்டாட்டி பேராச்சி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள். பையன் மூலையில் நின்று அழுவான். அழுதால் அவனுக்கும் விழும். அவள் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிதி. இழுப்பு.

மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டு செருமல், ஒரு பெருமூச்சு. இவர் கை தானாகத் தன் தொண்டைக்குப் போனது.

"ஏல, சேர்மா?"

பெல்ட்டைக் கழற்றும் சத்தம்.

"வேண்டாம் மாமா."

மானசாவின் குரல். புருஷனை அவள் அத்தான் என்பாள். மாமா என்பது இவரை மட்டும்தான்.

"மாமா, வயித்துல புள்ள இருக்கு மாமா."

'நான் கீழ இருக்கேன் தாயி' என்று கத்தப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

ஏணியைப் பிடித்தார். முட்டி மடங்கவில்லை. ஒரு படி. மேலே அடி விழுந்தது. இரண்டாம் படி. அடி. அழுகை இல்லை. துணியை வாயில் திணித்த மூச்சு மட்டும். அந்த மூச்சு இவருக்குத் தெரியும்.

மேல் பலகையைத் தலையால் முட்டித் திறந்தார்.

சுவரோரம் மானசா, வயிற்றைக் கையால் மறைத்துச் சுருண்டிருந்தாள். அவள் முன்னால் நின்றவன் மேல் சேர்மராஜின் நீலச் சட்டை. காலையில் நனைந்தது, இன்னும் காயவில்லை.

"விட்டுருல. அப்பா தப்பாச் சொல்லிட்டேன்யா."

அவன் திரும்பினான்.

நரைத்த மீசை. குழிந்த கன்னம். ஒரு சுருக்கம் குறையாமல் இவருடைய முகம். அதில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் திறந்தது. வந்தது ஏழு வயதுப் பையனின் குரல்.

"இப்பம் சரியாப்பா?"

பதிலுக்காக, ஓங்கிய பெல்ட்டோடு, அது அப்படியே நின்றது.