அது போய்ச் சேரும் வீடு

செல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

நுண்ணோக்கியில் கண் வைத்தவள் முதலில் தட்டுதான் சரிந்திருக்கிறது என்று நினைத்தாள். தட்டு சமமாகத்தான் இருந்தது. கையுறை போட்ட விரல்களால் அதை அரை வட்டம் திருப்பி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டு, மதியம் வரை வேறு வேலைகளைப் பார்த்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தபோது அவை திரும்பியிருந்தன. பழைய பக்கத்துக்கே. மேற்குச் சுவர் இருக்கும் பக்கம். காற்றில்லாத இடத்தில் காற்றடித்த பயிர்போல, ஒன்று விடாமல்.

"கடவுளே, இன்னிக்காவது ஒழுங்கா வரக்கூடாதா?" என்று அலுத்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அவள் செய்த பிரார்த்தனைகளில் பாதி இந்தத் தட்டுகளுக்காகத்தான்.

அவள் ஆராய்ந்தது ஓர் ஒட்டுண்ணியை. ஆய்வகத்தில் அதற்கு 'வீட்டோட மாப்பிள்ளை' என்று பட்டப்பெயர். வைரஸ் என்பது கள்ளச்சாவியோடு வரும் திருடன். செல்லின் சுவரில் தனக்குப் பொருந்தும் பூட்டைத் தேடி அலையும். மாப்பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. தனக்கு வேண்டிய கைப்பிடியைத் தானே கொண்டுவந்து செல்லின் சவ்வில் அறைந்து, அதைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். நுழையும்போதே செல்லின் சவ்வையே போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொள்ளும். செல்லில் அந்நியரைச் செரித்துவிடும் பைகள் உண்டு. அவை வந்து பார்க்கும். தன் வீட்டுப் போர்வையைக் கண்டதும் திரும்பிப் போய்விடும். பிறகு செல்லுக்குச் சக்தி தரும் உறுப்புகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். உலையும் அதற்கே, சோறும் அதற்கே.

அந்தக் கைப்பிடியை ஒட்டவிடாமல் தடுக்கும் மருந்து ஒன்றை அவள் செய்திருந்தாள். மருந்து வேலை செய்தது. தட்டில் ஒரு செல்லுக்குள்கூட மாப்பிள்ளை இல்லை. இருந்தும் செல்கள் சாய்ந்திருந்தன.

துறைத் தலைவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"உள்ள போகலைல்ல?"

"போகலை சார். ஆனா தொட்டிருக்கு. கைப்பிடியை அறையறதுக்கு முன்னாடியே எதையோ உள்ள குத்திவிட்டுடுது. அது போதும்போல. செல்லோட கருவே மாறிடுச்சு. இப்ப வேற எதுவோ சொல்றதைத்தான் இதுங்க கேக்குது."

"யாரு சொல்றதை?"

"தெரியலை சார்."

"தெரியலைன்னு கட்டுரை எழுத முடியுமாம்மா? உன் கை சரியில்லை. திரும்பச் செய்."

ஆத்திரமாக வந்தது. என்ன சொன்னாலும் இவருக்குச் செவிடன் காதில் ஊதின சங்குதான். அவள் இடது ஆள்காட்டி விரலில் போட்டிருந்த துணிக்கட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெளியே வந்தாள்.

விலங்குக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவர், எல்லோருக்கும் எலிக்கார அண்ணன், அவளைக் கண்டதும் எலிக்கடிக் காயம் ஆறாத கைகளைத் தட்டினார்.

"வாங்கம்மா, உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். மருந்து குடுத்த எலியில பாதியை அறுத்துப் பார்த்தாச்சு. உள்ள ஒண்ணும் கிடையாது, சுத்தம். ஆனா மிச்சம் இருக்கறதுக்கெல்லாம் கிறுக்குப் புடிச்சிருக்கு."

நீளமான கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலையில் பூனை படுத்த துணியைப் போட்டிருந்தார். நல்ல எலியாக இருந்தால் எதிர்மூலையில் ஒடுங்கி நடுங்கும். மாப்பிள்ளை புகுந்த எலி பயம் மறந்து துணிமேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். எலி வெறும் வழி. பூனைதான் அது போய்ச் சேர வேண்டிய வீடு. அந்த வீட்டுக்குத் தன்னைச் சுமந்துபோகத்தான் எலியின் பயத்தைத் தின்கிறது. இந்த வகை ஒட்டுண்ணிகளைப் பற்றி அவள் படித்தது அப்படித்தான்.

இந்த எலிகள் ஒடுங்கவுமில்லை, துணியிடம் போகவுமில்லை. பெட்டியின் மேற்குக் கண்ணாடியில் மூக்கை வைத்து வரிசையாக நின்றன.

"பூனை இந்தப் பக்கம் இருக்கு, இதுங்க அந்தப் பக்கம் பொண்ணு பாக்கப் போகுது" என்று சிரித்தார் அண்ணன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏம்மா, இந்த மாப்பிள்ளைக்கு வீடு பூனைதானா?"

அதன் உறவுக்கார ஒட்டுண்ணிகளுக்கெல்லாம் பூனைதான் வீடு. இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

விரல் துடித்தது.

போன வாரம் நடந்தது அது. செல்லுக்குள் வளர்ந்த மாப்பிள்ளைகளை வெளியே எடுக்க, அந்தச் செல்களை மெல்லிய ஊசி வழியாக அழுத்தித் தள்ளி உடைக்க வேண்டும். உபயோகித்த ஊசியை மூடியே போடாமல் அப்படியே மஞ்சள் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். மஞ்சள் பெட்டி நிரம்பி வழிந்தது. புதிதாக ஒன்று கேட்டு அவள் கிடங்குக்கு நடையாய் நடந்திருந்தாள்.

"ஆர்டர் போட்டாச்சு மேடம். நாளைக்கு வந்துரும்."

"போன மாசமும் இதையேதான சொன்னீங்க?"

"போன மாசமும் நாளைக்குத்தான் மேடம் வரவேண்டியது."

பெட்டி இல்லாததால் ஊசிகள் சாதாரணக் குப்பைப் பையில் விழுந்தன. அந்தப் பையைத் தூக்கிப்போவது கூட்டிப் பெருக்கும் அக்கா. பை அவர் காலில் உரசிக்கொண்டே போவதை இவள் பார்த்திருக்கிறாள். அவர் காலில் குத்தக் கூடாதே என்றுதான் அன்று ஊசிக்கு மூடி போட்டாள். மூடி வழுக்கியது. ஊசி விரலில் இறங்கியது.

அதற்காக அவள் ஒருநாளும் வருந்தவில்லை. பிறர் காலில் முள் குத்தாமல் பார்ப்பதும் ஒரு பூசைதான் என்று நம்புகிறவள். மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமே இல்லை என்றார். "நீங்க நிறையப் படிச்சிருக்கீங்க, அதான் உங்க வியாதி" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். அவளும் நிம்மதியாக இருந்தாள், இன்று மதியம்வரை.

ரத்தத்தில் இல்லாமல் போகலாம். எலிக்குள்ளும் இல்லை. தட்டிலும் இல்லை. தொட்டால் போதும்.

சாயங்காலம் வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டடத்தின் பின்புறம், மேற்குச் சுற்றுச்சுவருக்கு முன்னால், கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு நனைந்துகொண்டு நின்றார். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மழைல என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. வாசனை நல்லாருக்குல்ல?"

ஈரமண்ணும் குப்பையும்தான் மணத்தன. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த கம்பளியின் மணம். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்காவின் கணுக்காலுக்கு மேலே, பை உரசும் இடத்தில், ஊசி குத்தி ஆறிப்போன சின்னச் சின்னப் புள்ளிகள். மூடி போட்டது காலம் கடந்துதான்.

அவள் கிட்டத்தட்ட ஓடினாள். ஓடும்போதே ஒரு நன்றி. பயமாக இருக்கிறது, கடவுளே. எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் இருக்கும்வரை நான் நான்தான்.

பேருந்தில் இருந்து இறங்கி நடக்கும் தெருமுனையில் ஒரு கறுப்பு நாய் உண்டு. சிறுவயதில் நாய்க்கடி பட்டவள் அவள். தினமும் அந்த இடத்தில் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவாள். இன்று குடியிருப்பின் தெருக்கதவுக்கு வந்த பிறகுதான் அதன் ஞாபகமே வந்தது. திரும்பிப் பார்த்தாள். தெருவைக் கடந்திருந்தது நாய். வாலை இடுக்கிக்கொண்டு, மூடிய கடையின் படியோடு படியாக ஒட்டி, அவளைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடியில் வீட்டுக் கதவைத் திறந்த கணவரிடம், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ ஒரு வாரமா சரியாத் தூங்கல. முதல்ல சாப்பிடு."

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறேன், சாப்பிடச் சொல்றீங்களே! யாருமே காது குடுக்க மாட்டீங்களா? அவரு கை சரியில்லைங்கறாரு, டாக்டர் படிப்பு சரியில்லைங்கறாரு, நீங்க தூக்கம் சரியில்லைங்கறீங்க!"

உள்ளே இருந்து மகள் எட்டிப் பார்த்தாள். முன்பல் விழுந்த வாயோடு, வரைந்துகொண்டிருந்த பென்சிலோடு. "அம்மா ஏன்ப்பா கத்துறா?"

அவள் மகளைப் பார்த்தாள். வழக்கமாக அந்த முகத்தைப் பார்த்தாலே வயிற்றுக்குள் ஒரு பயம் ஓடும். விழுந்துவிடுவாளோ, காய்ச்சல் வருமோ என்று எந்தத் தாய்க்கும் ஓடுவதுதான். அந்த இடத்தைத் தேடினாள். துழாவினாள். அடியில் ஒரு துளி மட்டும் மிச்சமிருந்தது.

ஜன்னல் பக்கமாகக் கம்பளி மணம் வந்தது. இப்போது அது அவ்வளவு கெட்ட மணமாகத் தெரியவில்லை.

அந்தத் துளி வற்றுவதற்குள் செய்தாக வேண்டும். மாடிப்படிக்கு வெளியேறி, சாவிக்கொத்தைக் கணவரின் காலடியில் எறிந்தாள்.

"உள்ள தாழ் போட்டுக்குங்க. ரெண்டு தாழும். நான் என்ன சொன்னாலும் திறக்காதீங்க. கெஞ்சினா திறக்காதீங்க. முக்கியமா, சிரிச்சுப் பேசினா திறக்காதீங்க."

"ஏய், என்ன பேச்சு இது..."

"என்னைத் தொடாதீங்க! நான் உங்களுக்கு ஏதாவது நல்லது செஞ்சிருந்தா இதை ஒண்ணு எனக்காகச் செய்யுங்க."

அவர் அவள் கண்களைப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, சொன்னபடி செய்தார். தாழ் விழுந்தது. இரண்டாவது தாழும்.

படியில் உட்கார்ந்தாள். மாடிப்படி விளக்கு எரியவில்லை. இரண்டு மாடிக்குக் கீழே தெருக்கதவு திறந்திருந்ததால் மழையின் சத்தமும் ஈரக்காற்றும் சுவரைத் தடவிக்கொண்டு மேலே வந்தன. எங்கோ ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டியது. பிறகு அந்தச் சொட்டும் நின்றது. கம்பளி மணம் படிப்படியாக ஏறியது.

துடைப்பச் சத்தம்.

சர்ரக். சர்ரக்.

யாரோ படிகளைப் பெருக்கிக்கொண்டே வந்தார்கள். அக்காவாகத்தான் இருக்கும். பாவம், இந்த மழையில் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் சில காலடிகள். கனமான காலடிகள். எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தன.

அவளுக்குப் பயமாக இல்லை. பயமில்லை என்பதும் உறைக்கவில்லை. உடம்பு இதமாக இருந்தது. இரண்டு வருட எரிச்சல் எல்லாம் இறங்கிப்போயிருந்தது. கதவில் கன்னத்தை வைத்துச் சிரித்தாள்.

"கண்ணு, வெளிய வாடா. இங்க நல்லாருக்கு. கதவைத் திறக்கச் சொல்லு அப்பாகிட்ட."

உள்ளே கணவர் விம்மும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"கண்ணு..."

கதவுக்கு அடியில் ஏதோ உரசியது. இடுக்கு வழியாக ஒரு பிஸ்கட் வெளியே வந்தது. ஓரம் உடைந்த பிஸ்கட். அதைத் தள்ளிவிட்ட சின்ன விரல்கள் நான்கு, பென்சில் கறையோடு.

"அம்மா, நீ சாப்பிடவே இல்லைல்ல. அப்பாவுக்குத் தெரியாமக் குடுக்கறேன்."

அவள் அந்த விரல்களைப் பார்த்தாள்.

எவ்வளவு மெல்லிய தோல்.

தொட்டால் போதும்.

அடிவயிற்றில் எங்கிருந்தோ அந்தத் துளி புரண்டது. பெருகியது. நெஞ்சுக்கு ஏறியது. அவளை அவளிடமே தூக்கி எறிந்தது.

"கையை எடு! உள்ள இழுடி கையை! என்னங்க, குழந்தையைத் தூக்குங்க, இடுக்குல துணியை வைங்க!"

விரல்கள் மறைந்தன. உள்ளே ஓடும் காலடி, மகளின் அழுகை, இடுக்கில் ஈரத்துணி திணிக்கும் சத்தம். தாயே, பிள்ளை பிழைத்தாள். உடம்பெல்லாம் உதறியது. பயம். சுத்தமான, பழைய, அவளுடைய பயம். ஒரு பிஸ்கட் அதை மீட்டுக் கொடுத்திருந்தது.

துடைப்பச் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள்.

பார்த்தாள்.

திருப்பத்தில் அக்கா நின்றார். அவருக்குப் பின்னால் எலிக்கார அண்ணன். அதற்குப் பின்னால் யார் யாரோ, கீழே இருட்டுவரை, படிக்கு ஒருவராக. எல்லோர் முகத்திலும் ஒரே அமைதி. எல்லோர் மார்பும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கியது. காலடி கனமாக இருந்தும் அவர்கள் எதையும் சுமந்து வரவில்லை. தலையிலிருந்து கால்வரை, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை, அவர்கள் எல்லோரையும் ஒரே தோல் போர்த்தியிருந்தது. சாம்பல் நிறம். ஈரம். அதற்குள்ளிருந்து முகங்கள் பிதுங்கிச் சிரித்தன. அவர்களுக்கு நடுவே, அந்தப் போர்வைக்கு உள்ளே, மேற்கிலிருந்து வந்த, மனித உருவமில்லாத நீளமான ஒன்று படியேறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை போய்ச் சேரும் வீடு.

அவள் முதுகு கதவில் அழுந்தியது. கதவு அசையவில்லை.

குளிரில் நிற்கும் பிள்ளையை உள்ளே அழைக்கும் தாய்போல, அந்தத் தோலின் முன்னோரம் மெல்ல உயர்ந்து, இன்னொருவருக்கு இடம் விட்டுத் திறந்து நின்றது.