வெயில் படாத அறை

ஜன்னலில் ஒட்டிய கறுப்புப் பொலித்தீனில் இன்றைக்கும் ஓர் ஓட்டை. நேற்றுத்தான் டேப் ஒட்டி ஷிஹாரா மூடியிருந்தாள். உப்பளத்தில் குவியலை மழைக்கு மூடுகிற தடித்த பொலித்தீன் அது; தானாகக் கிழியாது.

இருபத்திரண்டு நாளாக இந்த இருட்டில், வியர்வையும் டெட்டோலும் வெளியே களப்பின் உப்புநீர்ச் சேறும் கலந்த வாடையில், கணவன் ஜபாருக்குக் கஞ்சி ஊட்டி, முதுகு துடைத்து, கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்கி விழித்து அவள் ஓய்ந்துபோயிருந்தாள். அவன் தொண்டைப் புற்றுக்கு ஏற்றிய மருந்து, வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இழைமணி எண்டு சின்ன அடுப்புகள் இரிக்கு. உசிருக்குச் சக்தி அதுலதான். மருந்து அங்க போய் ஒட்டும், வெளிச்சம் பட்டா அடுப்பை அணைச்சிரும்" என்றிருந்தார் டொக்டர். புற்றின்மேல் மட்டும் குழாய் வழியே வெளிச்சம் பாய்ச்சினார்கள். உடம்பின் மற்ற இடங்களிலிருந்து மருந்து கழிய முப்பது நாள். அதுவரை வெயில் பட்டால் ஆள் மிஞ்சமாட்டான்.

ஓட்டை வழியே வந்த வெயில் அவன் கைமேல் கிடந்தது.

"மச்சான், கைய எடுங்க!"

"விடு புள்ள. இந்தக் கைக்கு இப்ப களைப்பே இல்ல."

தொட்டாள். ஐஸ் பெட்டி மீனின் குளிர். மணிக்கட்டில் நாடி இல்லை. ஆனாலும் விரல்கள் அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தன.

"நீங்களா கிழிச்சீங்க?"

"நீதான் பாவம். கொஞ்சம் படுத்துக்க."

கையை உருவிக்கொண்டு டேப் எடுக்க அடுப்படிக் குசினிக்கு ஓடினாள். களைப்பில் சுவரில் சாய்ந்து, ஒரு நிமிஷம் மட்டும் என்று கீழே உட்கார்ந்தாள்.

சர்ர்ரென்ற சத்தம் அவளை எழுப்பியது. பொலித்தீன் கிழிகிறது. நீளமாக. மாதக் கணக்காகக் கேட்ட அவனது மூச்சிழுப்பு இப்போது கேட்கவில்லை. பிறகு காலடிகள். எழுந்து நிற்கவே ஆள் பிடிக்கவேண்டியவனின் காலடிகள்.

எழும்பப் பார்த்தாள். முடியவில்லை.

சாய்ந்த வெயில் அறை வாசல்வரை வழிந்திருந்தது. அதிலிருந்து அவன் வந்தான். உடம்பெல்லாம் சாம்பல் நிறம். பக்கத்தில் அமர்ந்து, அவள் தலையை மெதுவாக மடியில் எடுத்து வைத்தான்.

"தூங்கு புள்ள. இனி நான் பாத்துக்கிறன்."

குளிர்ந்த கை தலைமுடியைக் கோதியது. அவன் நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. திறந்திருந்த கண்மணியின் மேல் ஓர் ஈ நடந்தது.

அவன் இமைக்கவில்லை. கோதிக்கொண்டே இருந்தான்.