மாடியறைக்கு மாற்று ஆள்

சுருட்டி மூலையில் சாத்தி வைத்த பாய், மாடி அறையின் நடுவில் விரிந்து கிடந்தது. பிரவீனா குனிந்து தொட்டுப் பார்த்தாள். இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி சூடு. வடக்குப் பார்த்த ஜன்னல், வெயில் எட்டிக்கூடப் பார்க்காத அறை அது. அவள் அலறவில்லை. பாயை மறுபடி சுருட்டிச் சாத்திவிட்டு உலை வைக்கக் கீழே இறங்கிப் போனாள்.

இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிப் பையன்களுக்கு அவள் வாடகைக்கு விட்டிருந்த அறை. அருள்பாண்டிக்குப் பகல் ஷிப்ட், மாசானத்துக்கு இரவு ஷிப்ட். ரெண்டு பேருக்கும் ஒரே பாய்; ஒருவன் எழுந்தால் மற்றவன் படுப்பான். ஒரு நாள் மாற்றிவிட ஆள் வரவில்லையென்று அருள்பாண்டியை இரவும் சேர்த்து லைனில் நிற்க வைத்துவிட்டார்கள். காலையில் வந்து படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. உயிர் போய்விட்டது தெரியாத மாசானம், தன் முறை வந்துவிட்டதென்று அவனை வெகுநேரம் உலுக்கிக்கொண்டிருந்தான், பாவம். அன்றைக்கு ஊருக்குப் போனவன்தான்.

அதிலிருந்து விடிந்தால் போதும், தலைக்கு மேலே குறட்டை. நெடுஞ்சாலை லாரிகளின் உறுமலையும் மிக்சி சத்தத்தையும் தாண்டி, ஈரத்துணியை நிதானமாகக் கிழிப்பதுபோல அது கேட்டுக்கொண்டே இருக்கும். மெஷின் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை படிவழியே இறங்கி அவள் சோற்றுத்தட்டு வரைக்கும் வரும். தூக்கம் போயே போய்விட்டது. வீட்டை விற்றுவிட்டுப் போனால்தான் அவள் பிழைப்பாள். பயப்படக்கூடத் தெம்பில்லாமல் மரத்துப் போயிருந்தாள்.

முதலில் வந்த புரோக்கர் முனிரத்தினம் வாய்ச்சவடால் பேர்வழி. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே மாடியேறியவர், போன வேகத்தில் இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, மேல ஆள வச்சிக்கினு காலி வூடுன்ற? நைட் ஷிப்ட் பையன் தூங்கினு கீறான்."

"மேலே யாரும் இல்லைங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர், அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை.

அடுத்து வந்தவன் ஜோயல். அதிகம் பேசாதவன். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே ரெண்டு குரல்கள் தணிவாகப் பேசிக்கொண்டன. பிரவீனா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"வித்துடலாம்க்கா," என்றான் இறங்கி வந்து. "ஆனா மாத்திவுட ஆள் வராம எழுந்துக்க மாட்டானாம்."

"ஆளா?"

"நான் இட்டுக்கினு வரேன். நீங்க வாயத் தொறக்காம இருந்தா போதும்."

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அவனிடமே சாவியைக் கொடுத்தாள்.

அவன் அழைத்து வந்தவள் சுகப்பிரியா. கோவில்பட்டிக்காரி, போன் கம்பெனியில் வேலை. வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டே சுற்றி வந்தாள்.

"எங்கம்மயக் கூட்டிட்டு வந்து வச்சிக்கிடுவேன்க்கா. இனி வாடகை வீடே வேண்டாம். மாடியையும் பாத்துக்கிடட்டா?"

போகாதே. ஒரே ஒரு சொல். பிரவீனாவின் நாக்கு புரளவில்லை. ஜோயல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சரியென்று பிரவீனா தலையை ஆட்டினாள்.

படியேறும் சத்தம். கதவு. குறட்டை நின்றது.

படியிறங்கும் சத்தம். கனமாக. கம்பெனி ஷூ.

அருள்பாண்டி. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். கண்ணில் பீளை.

"வாரேன்க்கா," என்றான். கேட்டைத் திறந்துகொண்டு போனான்.

"வூடு முடிஞ்சிடுச்சு," என்றான் ஜோயல். "கெளம்புங்க."

பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் சுகப்பிரியா. பகலில் தூங்கப் போகிறவர்கள் வெளிச்சத்தை மறைப்பதுபோல, துப்பட்டாவைக் கம்பிகளில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சுகப்பிரியா."

திரும்பவில்லை. பெரிய கொட்டாவி ஒன்று விட்டாள். கடைசி முடிச்சைப் போட்டாள். முகம் மறைந்தது.

இலைகூட அசையாத மதியம். அந்தத் துணி மட்டும் மெல்ல உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.